சாவி யார் வீட்டில் இருக்கு? சீட்டா கேம்ப்பில் தலைவர் இல்லாமல் நடந்த ஒரு சண்டாஸ்: நிகழ்வு ஆய்வு

மும்பை சீட்டா கேம்ப்பில், எங்கள் கல்லியில் (சந்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்), 2021 ஜூலையிலிருந்து 2024 மார்ச் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் வராது. நானும் இதில் ஒரு ஆளாக இருந்தவன், கணக்கு எழுதியவன், தப்பும் செய்தவன். அதனால் நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். கையில் இருப்பது மூன்று நாற்பது பக்க நோட்டும் என் ஞாபகமும்தான்.

பின்னணி

கல்லியில் 62 வீடு. தமிழ் பேசுகிறவர்கள் 47, உருது, இந்தி பேசுகிறவர்கள் 11, மலையாளிகள் 4. எந்த வீட்டுக்குள்ளும் கழிப்பறை கிடையாது. கல்லி முனையில் இருக்கிற சண்டாஸ்தான் எல்லாருக்கும். இங்கே தமிழிலும் அதைச் சண்டாஸ் என்றுதான் சொல்வோம், கழிப்பறை என்று சொன்னால் நேற்றுத்தான் ஊரிலிருந்து ரயில் ஏறி வந்தவன் என்று பார்ப்பார்கள்.

கேம்ப் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை இடித்து ஜனங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடிப்பை எதிர்த்து நின்றவர்தான் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பிறகு நாடு முழுக்கக் குடிசைவாசிகளைச் சேர்த்து, 2000-ல் மகசேசே விருது வாங்கி, 2018-ல் காலமானார். எங்கள் பெரியவர்கள் சிலருக்கு அவரை நேரிலேயே தெரியும். ஆக, கூட்டம் போடுவதும் மனு எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் எங்களுக்குப் புதிது கிடையாது. ஒருத்தரும் தலைவராக இல்லாமல் ஒன்றை நடத்துவதுதான் புதிது.

சண்டாஸ் கட்டடத்தில் பத்து அறை, பெண்களுக்கு 5, ஆண்களுக்கு 5. பராமரிப்பை ஒரு ஆள் எடுத்திருந்தார். மாதம் 100 ரூபாய் பாஸ், பாஸ் இல்லாவிட்டால் தடவைக்கு 3 ரூபாய், இரவு பத்தரைக்குப் பூட்டு. 2021 ஜூலையில், நல்ல மழையில், கரண்ட் பில் 9,000 ரூபாய் பாக்கி விழுந்து இணைப்பைத் துண்டித்தார்கள். மோட்டார் ஓடாது, மேல் டேங்கில் தண்ணீர் ஏறாது. அந்த ஆள் கதவைப் பூட்டிவிட்டுப் போனவர் போனவர்தான், போன் எடுக்கவில்லை.

சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு நாலு பேர் போனோம். புது டெண்டர் விட நாள் ஆகும் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஒரு அதிகாரி, "அதுவரைக்கும் நீங்களே பார்த்துக்கங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அதையே எழுதித் தரச் சொன்னோம், சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலையில் பூட்டு உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை, நானும் இங்கே கேட்கப்போவதில்லை.

முதலில் பார்த்தது

கதவு திறந்ததும் தெரிந்த முதல் விஷயம், பெண்கள் பக்கத்தில் ஐந்தில் இரண்டு அறையை அந்த ஆள் சாமான் போட்டு வைக்கும் கிடங்காகப் பயன்படுத்தியிருக்கிறார். பழைய பிளாஸ்டிக் குழாய், சிமெண்ட் மூட்டை, ஒரு சைக்கிள். எத்தனை வருஷமோ தெரியாது. அந்த இரண்டும் ரிப்பேர் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

கல்லூரியில் படிக்கிற அக்கா தங்கை இரண்டு பேர், யாரும் சொல்லாமலே, நோட்டு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் காலை ஐந்தரை முதல் எட்டரை வரை படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினார்கள். கல்லியில் பெண்களும் பெண் பிள்ளைகளுமாக 141 பேர். புழக்கத்தில் இருந்தது 3 அறை, அதாவது ஒரு அறைக்கு 47 பேர். தூய்மை இந்தியா திட்டத்தின் கணக்குப்படி சமுதாயக் கழிப்பறையில் பெண்களுக்கு 25 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு 35 பேருக்கு ஒன்று இருக்க வேண்டும். எங்கள் பெண்கள் வரிசையில் நிற்பது பாதி நாள் 25 நிமிஷத்துக்கு மேல்.

எண்ணிக்கையில் வராத ஒன்றையும் அந்தப் பெண்கள் எழுதி வைத்திருந்தார்கள். "இரவு பூட்டு இருப்பதால் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை: கேட்ட 30 பேரில் 22 பேர்." அதைப் படித்துவிட்டு என் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "இது இப்பத்தான் உனக்குத் தெரியுதா?" என்றார்.

முதல் கூட்டமும் முதல் முடிவுகளும்

ஞாயிறு மாலை, தண்ணீர் டிரம் வைத்திருக்கும் திண்ணைப் பக்கம், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நாற்பது பேர் போல நின்றோம். தலைவர் யார் என்பதுதான் முதல் பேச்சு. மூன்று பேர் தயாராக இருந்தார்கள், மூன்று பேருக்கும் பின்னால் ஆளுக்கொரு கட்சி. சத்தம் ஏறிக்கொண்டே போனபோது, இட்லிக்கடை போட்டிருக்கும் பெரியம்மா சொன்னார்: "தலைவருன்னு ஒருத்தர் வந்தா சாவி அவர் வீட்டுக்குப் போயிரும். சாவி எங்க இருக்கோ அங்கதான் ஆட்சி. பேசாம சாவியைச் சுத்த விடுங்க."

அதற்கு ஒருத்தர், "தலைவன் இல்லாம நடத்துனா அராஜகம்தான்" என்றார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், அந்த வார்த்தைக்கு அர்த்தமே ராஜா இல்லாதது என்பதுதான், அடிதடி என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம் என்றார். சிரிப்பு வந்தது, பேச்சு அடங்கியது. (இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. 1887-ல் சென்னையில் பிறந்து, புதுச்சேரியில் பாரதியோடு பத்திரிகை வேலை பார்த்து, 1920-ல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, பிறகு அந்தக் கட்சியும் வேண்டாம், எந்த அரசும் வேண்டாம் என்று மாறிய எம்.பி.டி. ஆச்சார்யா 1935-ல் வந்து சேர்ந்தது இந்த மும்பைக்குத்தான். 1954-ல் இறந்ததும் இங்கேதான். காந்தியும் 1916-ல் காசி இந்துப் பல்கலைக்கழக மேடையில், நானும் ஓர் அராஜகவாதிதான், ஆனால் வேறு வகை என்று பேசியவர். அன்றைக்குக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.)

அன்று எடுத்த முடிவுகளில் நிலைத்தவை இவை. தலைவர் கிடையாது. சாவி வாரத்துக்கு ஒரு வீடு, குலுக்கிப் போட்டு எடுக்கிற சீட்டில் வருகிற வீடு. சீட்டு வந்த வீடு மறுபடி குடத்துக்குள் போவது எல்லாரும் ஒரு சுற்று வந்த பிறகுதான். ஏன் குலுக்கல் என்றால், கை தூக்கித் தேர்ந்தெடுத்தால் சொந்தக்காரர் கணக்கு, கட்சிக் கணக்கு எல்லாம் உள்ளே வந்துவிடும். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள், கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது, பதவி 360 நாள்தான் என்று வாத்தியார் எடுத்துவிட்டார். அதைக் கேட்டு எல்லாருக்கும் ஒரு பெருமை. அந்தப் பெருமையின் இன்னொரு பக்கம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

பெண்கள் பக்கம் இரவில் பூட்டுவதில்லை என்பது அடுத்தது. சாவி என்பது மோட்டார் அறைக்கும் பணப்பெட்டிக்கும்தான்.

பணம் தலைக்கட்டு வரி. ஊரில் கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போமே, அந்தக் கணக்கு. எல்லாருக்கும் பழகிய முறை என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. முதலில் பாக்கியில் பாதி கட்டினால்தான் கரண்ட் வரும் என்பதால் வீட்டுக்கு 100 ரூபாய், பிறகு மாதம் 80. நாலு வீட்டுக்கு வேண்டாம் என்று விட்டோம், இரண்டு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இல்லை, இரண்டு வீட்டில் கோவிட்டில் ஆளே போய்விட்டார்கள். 58 வீட்டுப் பணம் 5,800 வந்தது, 4,500 கட்டினோம், கரண்ட் வந்தது.

சுத்தம் செய்ய, வீட்டுக்கு ஓர் ஆள். கண்மாய் மராமத்துக்கு ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் மண்வெட்டியோடு போவது மாதிரி, தினம் இரண்டு வீடு, முறை வைத்து.

கணக்கு சுவரில். ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் அடித்தோம். வரவு, செலவு, இந்த வாரச் சாவி எந்தக் கதவு எண், இன்றைய துடைப்பம் எந்த இரண்டு கதவு எண்.

முதல் மூன்று மாதம்

நன்றாகவே போனது. 58 வீடும் கொடுத்தால் மாதம் 4,640 வரவு. கரண்ட் 1,400, ஃபினாயில், ஆசிட், பல்பு, பக்கெட் எல்லாம் 1,100, பாக்கித் தவணை 1,500. மிச்சம் 640. முன்பு 100 ரூபாய் பாஸ் வாங்கிய ஆளுக்கு ஏன் நஷ்டம் வந்தது என்பது எனக்கு இன்னும் புரியாத கணக்கு.

தகராறு வராமல் இல்லை. ஒரு வீட்டுக்காரர் காசு தரமாட்டேன் என்று நின்றார், முதுகுக்குப் பின்னால் நாலு பேர் இருக்கிற ஆள். அவரை உள்ளே விடக்கூடாது என்று இளவட்டங்கள் துள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேசி, வெளிக்குப் போவதை மட்டும் யாருக்கும் மறுப்பதில்லை என்று முடிவானது. பலகையில் அவர் கதவு எண்ணுக்கு நேராக ஒரு சைபர் மட்டும் போட்டோம். திட்டவில்லை, பெயர் எழுதவில்லை. ஐந்தாம் மாதம் அவர் மனைவி 400 ரூபாயை மடித்து எடுத்து வந்து, முதலில் அந்த முட்டையை அழிங்க என்றார்.

2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலம், ஜப்பான் கிராமக் காடு, பிலிப்பைன்ஸ் வாய்க்கால் பாசனம் என்று ஜனங்களே நடத்தி நெடுங்காலம் நின்ற பொதுச் சொத்துகளைப் பார்த்தவர். தப்புக்குத் தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது, கண்காணிக்கிறவர் பயன்படுத்துகிறவர்களிலேயே ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவோ இருப்பது, சண்டையைச் செலவில்லாமல் பக்கத்திலேயே பேசித் தீர்க்க ஓர் இடம் இருப்பது, இவையெல்லாம் அவர் அங்கே கண்டவை. அவரைப் பற்றி நான் படித்தது பிற்பாடு. எங்களுக்கு அந்தச் சைபர் தானாக வந்தது.

துடைப்பம்

அக்டோபரில் ஒரு நாள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே உறைத்தது. துடைப்ப முறையில் வேறு வேறு கதவு எண் எழுதியிருக்கிறது, ஆனால் காலையில் துடைப்பத்தோடு நிற்பது பெரும்பாலும் அதே இரண்டு பெண்கள். வீட்டு முறை வருகிற அன்று 50 ரூபாய் கொடுத்து அவர்களை அனுப்பிவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் 62-ல் 19 வீடு அப்படி. அந்த 19-ல் என் வீடும் ஒன்று. என் அம்மா பக்கத்து வீட்டுப் பையன் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியும், கண்டும் காணாமல் இருந்தேன்.

அந்த இரண்டு பெண்களும் கல்லியின் கடைசி வரிசைக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் துப்புரவு வேலைக்கென்றே மும்பைக்கு வந்தவர்கள். யாரும் சாதி பேசவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, காசு கொடுத்தார்கள், அவர்கள் வாங்கினார்கள். எல்லாம் சம்மதத்தோடு. அப்படி இருந்தும் துடைப்பம் அது எப்போதும் போகிற வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இருவரில் மூத்த அக்கா வந்தார். அதுவரை அவர் கூட்டத்துக்கு வந்ததில்லை, ஞாயிறு மாலை அவருக்கு வேறு வீட்டில் பாத்திர வேலை. நின்றுகொண்டே, வாத்தியாரைப் பார்த்து, "ராஜா இல்லை ராஜா இல்லைன்னு சொல்றீங்களே அண்ணே, எங்க வீட்டுக்கு மட்டும் ராஜா அப்படியேதானே இருக்காரு" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாத்தியாரே, உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி அன்று பாதிதான் சொன்னேன் என்றார். குடத்துக்குள் ஓலை போக வேண்டுமென்றால் வரி கட்டுகிற கால் வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெருமையாக அதைச் சொன்னபோது இதை விட்டுவிட்டேன், தப்பு என்றார். அவரை எனக்கு அதற்குப் பிறகுதான் உண்மையில் பிடித்தது.

மூன்று யோசனை வந்தது. ஒன்று, முறையைக் காசுக்கு மாற்றக்கூடாது, அவரவர் வீட்டு ஆள்தான் வர வேண்டும். இரண்டு, எல்லாரும் மாதம் 40 கூடக் கொடுத்துச் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிடலாம். மூன்று, யாருக்குப் பிடிக்கிறதோ அவர்கள் செய்யட்டும், இப்படியே விடு. இரண்டாவதுக்குத்தான் கூட்டம் சாய்ந்தது. அந்த அக்காதான் குறுக்கே நின்றார். சம்பளத்துக்கு வைத்தால் யாரை வைப்பீர்கள் என்று கேட்டார். பதில் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் முதல் யோசனை நின்றது. அவரவர் முறைக்கு அவரவர் வீட்டு ஆள், ஆணோ பெண்ணோ, உடம்பு முடியாதவர் இருந்தால் பக்கத்து வீடு மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு மட்டும் மாற்றக்கூடாது. எல்லாருக்கும் பொதுவில் ரப்பர் கையுறையும் நீளக் கைப்பிடி பிரஷும் வாங்கினோம்.

நாலு வீடு விலகிவிட்டது, மெயின் ரோட்டுக் கட்டணக் கழிப்பறைக்குப் போகிறோம் என்று. இரண்டு வீடு மூன்று வாரத்தில் திரும்பியது. நானும் முதல் முறையாகத் துடைப்பம் எடுத்தேன். மூன்றாவது அறையில் பீங்கான் ஓரத்தில் மஞ்சளாகப் படிந்திருந்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற பையன் ஒருத்தன் போனில் படம் எடுத்தான். அந்தப் படத்தை அனுப்பாதே என்று கெஞ்சினேன். ஏன் கெஞ்சினேன் என்று யோசிக்கக் கொஞ்ச நாள் ஆனது.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. அந்த அக்காவுக்கு மாறு வேலையில் மாதம் 500 ரூபாய்க்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோனது. சரியானதைச் சொன்னவர் வீட்டில்தான் அந்த மாதம் கேஸ் சிலிண்டர் தள்ளிப்போனது. அவர் வாய் திறக்கவில்லை, பெரியம்மா சொல்லித்தான் தெரியும். டிசம்பரில் வரியை 120 ஆக்கி, காலை ஐந்து முதல் ஒன்பது வரை மோட்டார் போடுவது, தண்ணீர் பார்ப்பது, வரவு எழுதுவது ஆகியவற்றுக்கு மாதம் 2,500 ரூபாயில் ஒரு வேலை உண்டாக்கி, முதலில் அவரிடம் கேட்டோம். துடைப்பம் அதில் கிடையாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சரி என்றார். நோட்டை அவரிடம் கொடுத்தேன். என்னைவிட ஒழுங்காக எழுதினார்.

அதே டிசம்பரில் இன்னொரு குருட்டுத்தனமும் வெளிப்பட்டது. கணக்கை வெட்ட வெளிச்சமாகப் பலகையில் போடுகிறோம் என்று மார் தட்டிக்கொண்டிருந்தோமே, பலகை முழுக்கத் தமிழ். உருது, இந்தி பேசுகிற 11 வீடும் மலையாளி வீடுகளும் ஐந்து மாதமாக எண்களை மட்டும் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு பாய், கரண்ட் செலவு என்று நாங்கள் எழுதியதை யாருக்கோ கொடுத்த கமிஷன் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு பக்கத்திலேயே இந்தியிலும் எழுத ஆரம்பித்தோம்.

தொட்டி பொங்கிய இரவு

2022 பிப்ரவரி, ராத்திரி இரண்டு மணி, செப்டிக் டேங்க் மூடி வழியாகப் பொங்கிக் கல்லிக்குள் வந்துவிட்டது. அந்த வாரச் சாவி சாப்பாடு டெலிவரி செய்கிற 22 வயசுத் தம்பி வீட்டில். யாரோ போன் பண்ணி அரை மணியில் ஒரு ஆளைக் கூட்டி வந்துவிட்டார்கள், பக்கெட்டும் கயிறும் வைத்திருந்தார், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் இறங்குகிறேன் என்றார். பணப்பெட்டிச் சாவி தம்பி கையில். தம்பி கொடுக்க மாட்டேன் என்றான்.

சட்டப்படி அவன் செய்தது சரி. 2013-ஆம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதைக் குற்றம் என்கிறது. 1993-லிருந்து அப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது (2023-ல் அது 30 லட்சமானது). அந்த இரவில் தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் சொன்னது, "உள்ள ஆள் செத்தா என் சாவியிலதான் செத்தான்னு இருக்கும்."

உறிஞ்சு வண்டி வர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் கல்லியில் செங்கல் போட்டு அதன் மேல் நடந்தோம், சாப்பாடு இறங்கவில்லை, யாரைக் கேட்டு முடிவெடுத்தாய் என்று அவனை ஆளாளுக்குத் திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுதான் பேச்சு. வந்த விதி இது: உயிர் சம்பந்தப்பட்டதில் சாவி வைத்திருப்பவர் தனியாக முடியாது என்று சொல்லலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஆனால் 500 ரூபாய்க்கு மேல் செலவுக்குத் தனியாகச் சரி சொல்ல முடியாது. மூன்று வருஷத்தில் நாங்கள் உருவாக்கியதிலேயே உருப்படியான விதி இதுதான் என்பது என் எண்ணம். கூடவே தொட்டிக்கென்று மாதம் 1,500 தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினோம்.

கையெழுத்துப் பிரச்சினை

கரண்ட் இணைப்பு பழைய ஆள் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றப் பதிவு செய்த சங்கம் வேண்டும், சங்கம் என்றால் 1860-ஆம் வருஷச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று காகிதத்தில் காட்டியாக வேண்டும். தலைவர் வேண்டாம் என்றவர்கள் தலைவரை எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை. எழுதாமலே காலம் தள்ளலாம் என்று சிலர், என்றைக்காவது டெண்டர் வந்து நம்மைத் தள்ளிவிடும் என்று சிலர். ஜனங்கள் தாங்களே கூடி நடத்தும் உரிமையையாவது வெளியே இருக்கிற அரசு மறுக்காமல் இருக்க வேண்டும் என்று ஆஸ்ட்ரம் சொல்கிறார். எங்களுக்கு அந்த மதிப்புக் கிடைக்கிற ஒரே வாசல் இந்தக் காகிதம்தான் என்று பட்டது.

ஏழு பேரைக் குலுக்கி எடுத்தோம், அந்த ஏழில் தலைவர் பதவி பெரியம்மாவுக்கு விழுந்தது. 2022 ஜூனில் பதிவானது. அதற்குப் பிறகு யார் வந்து தலைவரம்மா என்று கூப்பிட்டாலும் அவர் மாவு அரைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வாங்க, எல்லாரும் இருப்பாங்க" என்பார். டைல்ஸ் மாற்றித் தருகிறேன் என்று ஒருத்தர் இரண்டு முறை வந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவே இல்லை.

2023 ஜூலையில் பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனார். காகிதத்தில் ஆள் மாற்ற வேண்டும், மழை வேறு, அலுப்பு வேறு, குலுக்காமலே ஒரு கடைக்காரரைப் போட்டோம். கடை பக்கத்தில் இருக்கிறது, ஆள் பொறுப்பானவர், இதுதான் காரணம். செப்டம்பரில் சாவி அவர் வீட்டுக்கு முறைப்படிப் போனது, திரும்பி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். குலுக்குகிற குடத்தைக் காணோம் என்றார். நான்தானே தலைவர், ஆபீஸில் என் பெயர்தானே இருக்கிறது என்றும் சொன்னார், அது பொய் இல்லை.

அவர் திருடவில்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். கணக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. வாராவாரம் சீட்டு, கூட்டம், வாய்ச்சண்டை எல்லாம் வெட்டி வேலை, நான் ஒருத்தனே சுத்தமாக நடத்துகிறேன் என்று மனசார நம்பினார். நடத்தவும் செய்தார். ஆனால் மூன்றாம் வாரம் அவர் பெண்கள் பக்கத்தைப் பதினொரு மணிக்குப் பூட்டச் சொல்லிவிட்டார், இரவில் வெளிப் பையன்கள் வருகிறார்கள் என்று காரணம் சொல்லி. அங்கேதான் உடைந்தது.

காலை வேலை பார்க்கிற அக்கா வரவு நோட்டை அவரிடம் கொடுக்க மறுத்தார். அந்த ஞாயிறு பெண்கள் மட்டும் முப்பது பேர் போலச் சண்டாஸ் படிக்கட்டிலேயே கூட்டம் போட்டார்கள், ஒரு எவர்சில்வர் குடம் வந்தது, 180 ரூபாய்க்குப் புதுப் பூட்டு வந்தது, சீட்டு எடுத்தார்கள், சாவி ஒரு மலையாளி வீட்டுக்குப் போனது. கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார். அடுத்த மாதம் குலுக்கலில் வேறு தலைவர் எழுதப்பட்டார். கடைக்காரர் இப்போதும் வரி கட்டுகிறார், துடைப்ப முறைக்கு வருகிறார், என்னோடு பேசுவதில்லை. கடன் மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு

2024 மார்ச்சில் இதை எழுத நோட்டைப் புரட்டும்போது நிலவரம் இதுதான். பத்து அறையும் ஓடுகிறது. ஒரு அறைக்குப் பெண்கள் 28 பேர், அரசு சொல்கிற 25-க்குக் கிட்டத்தில். இரவுப் பூட்டு இல்லை. வரி 120-தான், தொட்டிப் பணத்தில் கையிருப்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பு நாற்பது பேர் வந்த இடத்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள். சாவிச் சீட்டில் 62 வீடும் இல்லை, எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் போக 38 வீடு. துடைப்ப முறையில் இன்னும் ஏழெட்டு வீடு காசு கொடுத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு, என்னால் நிரூபிக்க முடியவில்லை. தலைவர் இல்லாமல் இருப்பது அலுப்பான வேலை என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தலைவர் இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

மறுபடி தொடங்கினால்

முதல் நாளே துடைப்பத்தைப் பேசுவேன், சாவிக்கு முன்னால். அதுவும், காசு மாற்றத்தை நிறுத்துவதற்கு முன்பே அதனால் யாருக்கு வருமானம் போகும் என்று கேட்டுவிட்டு.

கூட்ட நேரத்தை மாற்றுவேன். ஞாயிறு மாலை ஏழு என்பது வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆகாத நேரம், இரண்டு வருஷம் கழித்துத்தான் ராத்திரி ஒன்பதுக்குத் தள்ளினோம். பலகையில் முதல் நாளிலிருந்தே இரண்டு மொழி.

காகிதப் பதவிக்கும் குடம்தான், அவசரமாக இருந்தாலும். பதிவுக் காகிதத்திலேயே வருஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறும் என்று எழுதி வைத்திருப்பேன். கடைக்காரரைப் போட்டபோது ஞாயிறு வரை காத்திருக்க எங்களுக்கு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

அந்த அக்கா தங்கை எடுத்த மாதிரியான எண்ணிக்கையை நாங்கள் மறுபடி எடுக்கவே இல்லை. ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காதவர்கள் 30-ல் 22 பேர் என்று அன்று இருந்தது, இப்போது எத்தனை என்று நோட்டில் இல்லை. இளையவள் கல்யாணமாகிக் கல்யாண் பக்கம் போய்விட்டாள். மூத்தவளிடம் கேட்டிருக்கிறேன், ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் உட்காருகிறேன் என்றிருக்கிறாள், இந்த முறை ஆண்கள் பக்கத்துப் படிக்கட்டில் நான் உட்கார வேண்டுமாம்.